கார் மெழுகு: பசை, நீர்மம், தெளிப்பு

கார் மெழுகு என்பது வாகனத்தின் வண்ணப்பூச்சு மேல் மெல்லிய படலமாகத் தேய்க்கப்படும் பாதுகாப்புப் பொருள் ஆகும். டப்பாவில் அடைத்த பசை, புட்டியில் வரும் நீர்மம், தெளிப்பான் ஆகிய மூன்று வடிவங்களில் இது விற்கப்படுகிறது. எதை வாங்குவது என்ற கேள்வி கடை அலமாரி முன்னால் நிற்கும்போதுதான் எழுகிறது. ஆனால் அதற்கான விடையில் பாதி வண்ணப்பூச்சின் வரலாற்றில் இருக்கிறது. மீதி, வண்டி நிற்கும் ஊரின் காற்றில் இருக்கிறது.

வட சென்னையும் திருவள்ளூர் மாவட்டமும் இவ்வரலாற்றைச் சொல்லப் பொருத்தமான இடங்கள். 1948-இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பொருத்தியது. அந்நிறுவனம் 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. கார்களை விட்டு லாரி, பேருந்துப் பக்கம் போனது. திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் முதலில் மண் அள்ளும் இயந்திரங்களைச் செய்தது. 1998-இல் அங்கிருந்து மிட்சுபிசி லான்சர் வெளிவந்தது. 2021-இல் விற்பனைக்கு வந்த சித்ரோயன் சி5 ஏர்கிராஸும் திருவள்ளூர்த் தயாரிப்பே. எண்ணூர் ஆஸ்டினுக்கும் இன்றைய சித்ரோயனுக்கும் இடையில் வண்ணப்பூச்சு முற்றிலும் மாறிவிட்டது. மெழுகைப் பற்றிய நம் பழக்கம்தான் அவ்வளவாக மாறவில்லை.

பசையின் காலம்

குதிரை வண்டிகளுக்கு அடித்த எண்ணெய் வார்னிஷையே தொடக்ககாலக் கார்களுக்கும் அடித்தார்கள். அது உலர வாரக்கணக்கில் ஆகும், வெயிலில் மங்கும். 1910-இல் சிகாகோவில் தொடங்கிய சைமனைஸ் நிறுவனம் இந்த மங்கலுக்குத்தான் மருந்து விற்றது: முதலில் துப்புரவுப் பசை, அதன்மேல் மெழுகுப் பசை. 1923-இல் டூபாண்ட், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனங்கள் கொண்டுவந்த டூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் அரக்கு உலரும் நேரத்தை மணிக்கணக்காகக் குறைத்தது. நம்மூர்ப் பட்டறைகளில் இன்றும் எந்த பெயிண்டாக இருந்தாலும் ‘டூகோ அடிப்பது’ என்று சொல்வதுண்டு. அந்த அரக்கும் காலப்போக்கில் மங்கியதால் மெழுகுத் தேவை குறையவில்லை.

பசையின் சிறப்புப் பொருள் கர்னௌபா. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் ஓலைகளை உலர்த்தி, தட்டி உதிர்த்து எடுக்கும் மெழுகு இது. 82 முதல் 86 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில்தான் உருகும். பெட்ரோலியத்திலிருந்து வரும் பாரஃபின் மெழுகு, மணலி சுத்திகரிப்பு ஆலையின் தயாரிப்புகளுள் ஒன்று. சிவகாசித் தீக்குச்சிகளை நனைப்பதும் இந்த வகைதான். அது பெரும்பாலும் 50–65 டிகிரியிலேயே இளகிவிடும். கத்திரி வெயிலில் நிற்கும் கறுப்புக் காரின் பானட் 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். கர்னௌபாவுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஆனால் தனிக் கர்னௌபா கல்லைப் போல இறுகியிருக்கும், தேய்க்க வராது. அதனால் கரைப்பானும் மென்மையான மெழுகுகளும் கலந்தே பசை செய்கிறார்கள். ‘100 சதவீதம் கர்னௌபா’ என்று டப்பாவில் எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது கலவைதான்.

நீர்மமும் தெளிப்பும்

பசை தேய்ப்பது அரை நாள் வேலை. 1940-களில் சிகாகோவின் பென் ஹிர்ஷ் ‘பிளாஸ்டோன்’ என்ற நீர்ம மெருகை விற்றார்; அதுவே பின்னர் டர்டில் வாக்ஸ் ஆனது. 1950-களில் சிலிக்கோன் சேர்ந்தபின் துடைப்பது இன்னும் எளிதாயிற்று. பெயிண்டர்களுக்கு மட்டும் இது தலைவலி. சிலிக்கோன் மிச்சமுள்ள தகட்டில் புதிய பெயிண்ட் ஒட்டாமல் விலகி, மீன்கண் போன்ற குழிகள் விழும். தெளிப்பு மெழுகு பெரும்பாலும் நீரில் கலந்த மெல்லிய பால்மம். ஐந்து நிமிட வேலை, சில வாரப் பலன்.

அக்கால அம்பாசிடர்களுக்குத் தெளிபூச்சு கிடையாது. மேலே தெரிவதே நிறப்பூச்சு. மெருகிடும்போது துணியில் காரின் நிறம் ஒட்டும். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்துப் பளபளப்பு காட்டிய ஓட்டுநர்களும் உண்டு. அந்தப் பளபளப்பு மறுநாள் புழுதியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. 1980-களுக்குப் பின் நிறத்தின் மேல் நிறமற்ற தெளிபூச்சு அடிப்பது உலகெங்கும் பரவியது. இத்தகைய கார்களில் அரைக்கும் தூள் கலந்த பழைய பாலிஷை அடிக்கடி தேய்த்தால் குறைவது அந்தத் தெளிபூச்சுதான். அது போய்விட்டால் எந்த மெழுகும் திருப்பித் தராது. நீர்ம மெழுகுகள் பலவற்றில் இத்தூள் இருக்கிறது என்பதால், வடிவத்தைவிட லேபிளில் ‘கிளீனர்’ என்ற சொல் உள்ளதா என்று பார்ப்பதே முக்கியம்.

கும்மிடிப்பூண்டிக் காற்று

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் உருக்கு உலைகளும் இரும்பு உருட்டாலைகளும் மிகுதி. அவற்றைச் சுற்றி நிற்கும் வெள்ளை வண்டிகளில் சிறு செம்மஞ்சள் புள்ளிகள் தோன்றுவதுண்டு. காற்றில் வரும் நுண்ணிய இரும்புத் துகள் பூச்சில் பதிந்து துருப்பிடிப்பதால் வருவது இது. தெற்கே அத்திப்பட்டு, எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பலும் கடல் உப்பும் சேரும். சாம்பலில் உள்ள சிலிக்கா கடினமானது. காய்ந்த துணியால் துடைத்தால் உப்புத்தாள் வேலை செய்யும். வாயிலில் காரை நிறுத்தி மஞ்சள் துணியால் ஒரு துடை துடைக்கும் பழக்கம் இங்கே மெழுகு இல்லாததைவிடக் கேடு.

இத்தகைய இடத்தில் வரிசை முக்கியமானது. முதலில் நிறையத் தண்ணீர், பிறகு ஷாம்பு. புள்ளிகள் போகாவிட்டால் இரும்பைக் கரைக்கும் திரவமோ ஜப்பானில் உருவான களிமண் கட்டியோ. மெழுகு அதற்குப் பிறகுதான். துகள்களை விட்டுவிட்டு மேலே மெழுகு பூசினால் துரு உள்ளேயே இருக்கும். மழைக்காலத்துக்கு முன்னும் கோடையின் தொடக்கத்திலும் நிழலில் வைத்து ஒருமுறை பசை, இடையில் ஒவ்வொரு கழுவலுக்குப் பிறகும் தெளிப்பு என்பது இப்பகுதிக்கு ஒத்துவரும். வாரம் ஒருமுறை கழுவவே நேரமில்லாத, வேலைக்குப் போய்வரும் வண்டிக்குத் தூள் கலக்காத நீர்மமே போதும். வெயிலில் சூடேறிய தகட்டில் மட்டும் எதையும் பூசக்கூடாது. கரைப்பான் நொடியில் பறந்து, துடைத்தாலும் போகாத வெள்ளைத் தடம் நிற்கும்.