ஆலங்குடா: பொருளாதாரம்

இலங்கையின் வடமேல் கரையில், கற்பிட்டிக் குடாநாட்டில் உள்ள கடலோர ஊர். புத்தளம் மாவட்டத்தைச் சேர்ந்தது. மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு. நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் விவசாயம், வனம், மீன்பிடி ஆகிய மூன்றுக்கும் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் வேலை செய்வோரில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் இவற்றையே நம்பியுள்ளனர். இந்த இடைவெளியைக் குடாநாட்டில் நேரில் காணலாம்.

மணற்பாங்கான நிலத்தில் கிணற்று நீர் இறைத்து வெங்காயம், மிளகாய், மரக்கறி பயிரிடுகின்றனர். மழைநீர் மணலுக்குள் இறங்கி, உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாகத் தேங்குகிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் ஏறும். உரமும் விரைவில் நிலத்தடிக்குக் கசிந்து, குடிநீரில் நைத்திரேற்றாகச் சேர்கிறது. விளைச்சலைக் கூட்டும் கணக்கில் இந்தச் செலவு எழுதப்படுவதில்லை.

1990இல் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பலர் இப்பகுதியில் குடியேறினர். தோட்டக் கூலி வேலை பலருக்குப் பிழைப்பானது.

களப்போரக் கண்டற்காடுகள் மீனுக்கும் இறாலுக்கும் நாற்றங்கால். மாவட்டத்தில் இறால் பண்ணைகளுக்காகப் பல இடங்களில் அவை அழிக்கப்பட்டன. 1990களில் வெண்புள்ளி நோய் அப்பண்ணைகளையும் தாக்கியது.