கீரிப்பாறையும் பழவிளையும்: குடியேற்றச் சட்டமும் பொதுமனமும்

மேலைநாட்டுக் கருத்துக்கணிப்புகளில் ஒரு பதில் அடிக்கடி தலைகாட்டும்: முறையாக வருபவரை ஏற்கிறோம், முறைதவறி வருபவரையே எதிர்க்கிறோம். சட்டம் கிழித்த கோட்டின் வழியாகவே மக்கள் மனமும் போகிறது என்பது அதற்குள் இருக்கும் அனுமானம். குமரி மாவட்டத்தில் இந்த அனுமானம் செல்லாது என்பதே என் வாதம்.

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றது. 1974இல் மேலும் 75,000 பேர் சேர்ந்தார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டோடு தலைமன்னாரில் கப்பலேறி வந்தவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’ ஆனார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் குமரி மலையடிவாரத்து ரப்பர் தோட்டங்களில், கீரிப்பாறை, மணலோடைப் பக்கங்களில், பால்வெட்டு வேலைக்கு அமர்த்தப்பட்டார்கள். 1984இல் அரசு ரப்பர் கழகம் உருவானதற்கு அவர்களுடைய மறுவாழ்வும் ஒரு காரணம்.

அதே ஆண்டுகளில் போர் மூண்டு கப்பல் நின்றது. ஒப்பந்தப்படி வரவேண்டியவர்களில் பலர் அக்கரையிலேயே தங்கிப்போனார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் படகேறி வந்தவர்களில் மலையகத்தாரும் உண்டு. குமரியின் பழவிளை, பெருமாள்புரம், கோழிவிளை முகாம்கள் அப்படி வந்த இலங்கைத் தமிழருக்கானவை. ஒரே தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், அடுத்தடுத்த காம்பராவில் பிறந்த இருவரில் கப்பலில் வந்தவர் குடிமகன். படகில் வந்தவர் 2003ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத் திருத்தத்தின்படி ‘சட்டவிரோதக் குடியேறி’. இருவரையும் பிரிப்பது வந்த ஆண்டும் ஏறிய கலமும் மட்டுமே.

இனி, மனம் எப்போது மாறியது என்று பார்ப்போம். 1983இல் தமிழகம் அகதிகளைக் கைநீட்டி வரவேற்றது. 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் அதே மக்கள் சந்தேகத்துக்குரியவர்கள் ஆனார்கள். காவல்துறைக் கண்காணிப்பு இறுகியது, உயர்கல்விச் சலுகைகள் பறிபோயின, 1992இல் திருப்பியனுப்பல் தொடங்கியது. குடியுரிமைச் சட்டத்தில் அப்போது இவர்களைக் குறித்து ஓர் எழுத்துகூட மாறவில்லை.

சட்டம் உண்மையில் இறுகியது 2004 டிசம்பர் 3 அன்று, 2003ஆம் ஆண்டுத் திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது. பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறியாக இருந்தாலும், அதன்பின் இங்கே பிறக்கும் குழந்தைக்குப் பிறப்புவழிக் குடியுரிமை இல்லை என்றானது. பொதுமனம் அதற்கேற்பக் கடுமையாகவில்லை. 2021 ஆகஸ்டில் மாநில அரசு 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்து, முகாம்களை மறுவாழ்வு முகாம்கள் என்று அழைத்தது. செப்டம்பர் 8 அன்று, இலங்கைத் தமிழரைச் சேர்க்காத 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தத்துக்கு எதிராகச் சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது.

இதற்கெல்லாம் இனப்பற்றே காரணம் என்று சொல்லிவிடலாம். அது பாதி உண்மை. 1991இலும் அவர்கள் தமிழர்கள்தானே? பற்று மாறாமலிருக்க, அச்சம் மேலெழுந்ததுதான் அன்று நடந்தது. மறுபக்கம், ஜார்க்கண்டிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வரும் தொழிலாளி முழுக் குடிமகன். அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு அவருக்குத் துணை நிற்கிறது. இருந்தும் ‘வடக்கன்’ என்ற சொல்லில் தொனிக்கும் விலக்கத்தை அந்தப் பிரிவு போக்கிவிடவில்லை.

நம் வளைகுடா அனுபவத்தையும் இங்கே சேர்த்தாக வேண்டும். விசிட் விசாவில் போய், காலம் முடிந்தும் தங்கி, ‘கல்லிவல்லி’யாக, அதாவது முறையான ஆவணமின்றி, வேலை பார்த்து, பொதுமன்னிப்பு அறிவித்ததும் ஊர் திரும்பியவரைக் குமரியில் யார் குற்றவாளி என்கிறார்கள்? ஏஜென்ட் ஏமாற்றிவிட்டான் என்றுதான் பேச்சு. நம்மவர் எல்லை மீறினால் அது விதி, பிறர் மீறினால் குற்றம். இந்தக் கணக்கு எந்தக் கருத்துக்கணிப்புப் படிவத்திலும் அடங்காது.

மீண்டும் முகாம்களுக்கு வருவோம். 2019 ஜூன் 17 அன்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, முகாம்களில் வாழும் இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொன்னது. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய குடியேற்றச் சட்டத்தையொட்டிய விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழரைப் பாஸ்போர்ட், விசாக் கட்டாயத்திலிருந்து விடுவித்தது. தண்டனை அச்சம் நீங்கியது. குடியுரிமையை அந்த ஆணை தரவில்லை. முகாமில் பிறந்து வளர்ந்து இங்கேயே படித்தவர்களில் பலர் இன்றும் வாக்காளர் பட்டியலுக்கு வெளியே.