அநுபவத்தை அழைத்த ஊர்

ஆலைக்கு வேண்டிய இயந்திரத்தை விலைக்கு வாங்கலாம். பழுத்த அநுபவத்தை அவ்வாறு வாங்க இயலுமா? இவ்வினாவுக்குத் தைவான் தீவின் வரலாறு விடை தருகிறது.

1960களிலும் 1970களிலும் அத்தீவின் பட்டதாரிகள் பலர் மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றனர். பெரும்பாலோர் அங்கேயே தங்கிவிட்டனர். பெற்று வளர்த்த நாடு ஒன்று, பயன் கொண்ட நாடு மற்றொன்று என்றாயிற்று.

1980இல் தைவான் அரசு சின்சூ நகரில் அறிவியல் தொழிற்பூங்காவைத் திறந்தது. அருகிலேயே இரு பல்கலைக்கழகங்களும், 1973இல் நிறுவப்பெற்ற தொழில்நுட்ப ஆய்வுக்கழகமும் இருந்தன. வரிச்சலுகையோடு அரசு நின்றுவிடவில்லை. அயல்நாட்டில் வளர்ந்த பிள்ளைகளின் கல்வி தடைப்படாதிருக்க, 1983இல் இருமொழி வகுப்புகள் கொண்ட பள்ளியையும் அமைத்தது.

1985இல் மோரிஸ் சாங் அங்கு வந்தார். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தில் 25 ஆண்டுகள் பணியாற்றியவர், அகவை 54. சீனத்தில் பிறந்த அவருக்குத் தைவான் பிறந்த மண்ணுமன்று. ஆய்வுக்கழகத்தின் தலைமை அவரை அழைத்தது. 1987இல் அவர் நிறுவிய டி.எஸ்.எம்.சி., பிறர் வடிவமைத்த சில்லுகளைச் செய்து தருவதையே தொழிலாகக் கொண்டது. இன்று அத்தொழிலில் உலகின் முதலிடம் அதற்கே உரியது.

அறிவுடையோர் ஊதியத்தை மட்டும் நாடி வருவதில்லை. தம் ஆற்றலுக்கேற்ற பணியும், தம் மக்களுக்கு நல்ல பள்ளியும் உள்ள இடத்தையே நாடுகின்றனர் என்பது நான் இவ்வரலாற்றில் காணும் பாடம்.