திறன்பேசிக் கோப்புகளை யுஎஸ்பி வழி அணுகுதல்

திறன்பேசியின் சேமிப்பகத்திலுள்ள படம், பாடல், ஆவணம் முதலிய கோப்புகளை யுஎஸ்பி கேபிள் வழியாகக் கணினியில் பார்க்கவும், படியெடுக்கவும், நீக்கவும் உதவும் முறைகள் இத்தலைப்பில் அடங்கும். கேபிள் செருகப்பட்டிருக்கும் வேளையில் சேமிப்பகத்தை ஆள்வது கணினியா, பேசியா என்ற கேள்விக்குக் காலந்தோறும் தரப்பட்ட விடைகளே இவற்றின் வரலாறு எனலாம்.

யுஎஸ்பி தரம் 1996 ஜனவரியில் வெளியானது. அக்காலத்தில் வந்த பாம்பைலட் போன்ற கையடக்கக் கருவிகள் சீரியல் இணைப்பு வழியே நாட்குறிப்பையும் முகவரிகளையும் கணினியோடு ஒத்திசைத்துக்கொண்டன. பின்னர் நோக்கியாவின் சிம்பியன் பேசிகள், கேபிளைச் செருகியதும் எந்த முறையில் இணைவது என்று பயனரையே கேட்டன.

முதல் ஆண்ட்ராய்டு பேசியான எச்டிசி டிரீம் 2008 அக்டோபரில் விற்பனைக்கு வந்தது முதல் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள், 'மாஸ் ஸ்டோரேஜ்' எனப்படும் முறையே ஆண்ட்ராய்டில் கோலோச்சியது. இதில் பேசி தன் மெமரி கார்டை, பென் டிரைவைப் போல, அப்படியே கணினியிடம் ஒப்படைத்துவிடும். கணினிக்குக் கிடைப்பவை எண்ணிடப்பட்ட சேமிப்புத் தொகுதிகள் மட்டுமே என்பதால், எந்தத் தொகுதி எந்தக் கோப்புக்கு உரியது என்பதைக் கார்டிலுள்ள எஃப்ஏடி32 அட்டவணையைப் படித்து அதுவே அறிந்துகொள்ளும். ஒரே அட்டவணையில் இரண்டு இயங்குதளங்கள் ஒரே வேளையில் எழுதினால் அது சிதைந்துவிடுமாதலால், இணைப்பு முடியும்வரை பேசி கார்டிலிருந்து முற்றிலும் விலகி நிற்க வேண்டியிருந்தது. அக்காலப் பதிப்புகள் சிலவற்றில், இணைப்பை இயக்கும் பொத்தானைத் தொட்டதும் திரையிலிருந்த பச்சை ரோபோ ஆரஞ்சு நிறத்துக்கு மாறும். கார்டு இப்போது பேசியின் கையில் இல்லை என்பதை அந்த நிறமாற்றம் ஒரு சொல்லும் இன்றி உணர்த்தியது. அந்நேரத்தில் கார்டிலுள்ள பாடல்களைப் பேசியில் கேட்க இயலாது. 2010இல் வந்த ஆண்ட்ராய்டு 2.2 செயலிகளையும் கார்டுக்கு மாற்ற வழிசெய்தபின், அவ்வாறு மாற்றப்பட்டவையும் இணைப்பு முடியும்வரை இயங்காமல் நின்றன. எனினும் தனி மென்பொருள் எதுவுமின்றி விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கியதும், தவறுதலாக அழித்த படங்களை மீட்கும் கருவிகளை நேரடியாகப் பயன்படுத்த முடிந்ததும் இம்முறையின் பெருஞ்சிறப்புகள்.

இதற்கு மாற்றாக வந்த எம்டிபி நெறிமுறையின் வேர் புகைப்படக் கருவிகளில் உள்ளது. கேமராவிலிருந்து படங்களை எடுப்பதற்காக 2000இல் வகுக்கப்பட்ட பிடிபி நெறிமுறையை மைக்ரோசாஃப்ட் இசைக் கருவிகளுக்காக விரிவாக்க, அது 2004இல் விண்டோஸ் மீடியா பிளேயர் 10உடன் வழக்கிற்கு வந்து, 2008இல் யுஎஸ்பி தரங்களுள் இடம்பெற்றது. இதில் ஒவ்வொரு கோப்பும் ஓர் எண் பெற்ற பொருளாகும். கணினி எண்ணைச் சொல்லிக் கேட்க, பேசியே அதைப் படித்து அனுப்புவதால், கோப்பு முறைமை முழுவதும் பேசியின் ஆளுகையிலேயே இருக்கும். 2011இல் ஆண்ட்ராய்டு 3.0 இம்முறைக்கு மாறியது. அவ்வாண்டின் இறுதியில் மெமரி கார்டு இடமே இல்லாமல் வந்த கேலக்சி நெக்சஸ் மாஸ் ஸ்டோரேஜை அறவே கைவிட்டது. செயலிகளுக்கும் பயனர் கோப்புகளுக்கும் இடத்தைத் தனித்தனியே பிரிக்காமல் ஒன்றாகவே வைத்துக்கொள்வதற்காக இம்மாற்றம் செய்யப்பட்டது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். எஃப்ஏடி மீதான மைக்ரோசாஃப்டின் காப்புரிமைகளும் ஒரு காரணம் எனக் கருதுவோர் உண்டு. எம்டிபியும் அந்நிறுவனத்தில் உருவானதே என்பதால் அக்கருத்தை அப்படியே ஏற்பது கடினம்.

எம்டிபி ஒரு நேரத்தில் ஒரு பணியையே செய்யும். ஆயிரக்கணக்கான படங்கள் உள்ள கோப்புறை திறக்க நெடுநேரம் பிடிக்கும். பேசியில் அப்போதுதான் உருவான கோப்பு, ஊடகப் பட்டியலில் பதிவாகும்வரை கணினியில் தெரியாமல் போவதும் உண்டு. ஊடக வசதிகள் நீக்கப்பட்ட விண்டோஸின் 'என்' பதிப்புகளில் கூடுதல் தொகுப்பை நிறுவினாலன்றி இது இயங்காது. லினக்ஸில் லிப்எம்டிபி என்னும் நிரலகம் இவ்வேலைக்குத் துணைநின்றது.

2007இல் வெளியான ஐபோன் மாஸ் ஸ்டோரேஜை என்றுமே ஏற்றதில்லை. படங்களை மட்டும் பிடிபி வழி காட்டிவிட்டு, மற்றவற்றை ஐடியூன்ஸ் மென்பொருளிடம் விட்டது.

யுஎஸ்பி இணைப்பின் பாதுகாப்பும் கேள்விக்குள்ளானது. 2013இல் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், மின்னேற்றி போலத் தோன்றும் கருவியைக் கொண்டே ஐபோனில் தீய செயலியை நிறுவ முடியும் என்று செய்துகாட்டினர். அவ்வாண்டு வந்த ஐஓஎஸ் 7, புதிய கணினியை நம்பலாமா என்று பயனரைக் கேட்கத் தொடங்கியது. 2015இல் ஆண்ட்ராய்டு 6.0 மின்னேற்றத்தை மட்டும் இயல்புநிலையாக்கியதால், கோப்புகளைக் காணப் பூட்டைத் திறந்து, அறிவிப்பில் கோப்புப் பரிமாற்றத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. அதன் பின்னும் பேசி கணினியில் தென்படாவிடில் கேபிளையே முதலில் ஐயுற வேண்டும். தரவைச் சுமக்கும் இரு கம்பிகள் இல்லாமல் மின்னேற்றத்துக்கென்றே செய்யப்பட்டவை சந்தையில் மிகுதி.

2023இல் ஐபோன் 15 வரிசை யுஎஸ்பி-சி இணைப்புக்கு மாறியது. அதன் புரோ வகைகள் நொடிக்கு 10 ஜிகாபிட் வரை அனுப்பவல்லவை. மற்றவை 2000இல் வந்த யுஎஸ்பி 2.0இன் 480 மெகாபிட் வேகத்தோடு நிற்கின்றன.