கேட்கும் உரிமை எங்கிருந்து வந்தது?

புலமைப்பரிசில் பெறுபேறு வந்து, தரம் 6க்கான வெட்டுப்புள்ளியும் வந்துவிட்டால் எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு வாரத்துக்குக் கூட்டம்தான். இம்முறை வந்தவர்களில் ஒரு வாப்பா. மகளுக்குக் கேட்ட பாடசாலை கிடைக்கவில்லை. இரண்டு புள்ளி குறைவு. கையில் ஒரு பைல். அதற்குள் பெறுபேற்றுத் தாள், பிறப்புச் சான்றிதழ், ஜி.எஸ். கடிதம், பள்ளிவாசல் கடிதம். "சேர், மேன்முறையீடு போட்டா சரிவருமா? இல்லாட்டி யாரையாச்சும் பிடிக்கணுமா?" என்று கேட்டார்.

உண்மையைச் சொன்னால், எங்களில் ஒருவர் "எம்.பி.கிட்ட ஒரு கடிதம் எடுங்களேன்" என்றுதான் முதலில் சொன்னார். மற்றவர்கள் யாரும் மறுக்கவில்லை. வீடு போன பிறகுதான் உறுத்தியது. வகுப்பில் இலவசக் கல்வியின் வரலாற்றைப் படிப்பிக்கிறவர்களும் நாங்கள்தான். அதே வாயால் ஒரு வாப்பாவை எம்.பி. வீட்டு வாசலுக்கு அனுப்பிவிட்டோம். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

பிரித்தானியர் காலத்தில் இந்த நாட்டில் இரண்டு வகைப் பாடசாலைகள் இருந்தன. கிராமத்தில் தாய்மொழிப் பாடசாலை; அங்கே காசு இல்லை, ஆனால் அதற்கு மேலே போக வழியும் இல்லை. நகரத்தில் ஆங்கிலப் பாடசாலை; அங்கே கட்டணம். உத்தியோகத்துக்கான கதவு ஆங்கிலம்தான். அந்தப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மிஷனரிமார் நடத்தியவை. யாரைச் சேர்ப்பது என்பதை முகாமையாளரும் அதிபரும் தீர்மானித்தார்கள். இடம் இல்லை என்றால் இல்லைதான். ஏன் என்று கேட்க ஒரு சாதாரண வாப்பாவுக்கு எந்த வாசலும் இருக்கவில்லை.

எங்கள் சமூகத்துக்கு இன்னொரு தயக்கமும் இருந்தது. பிள்ளை மிஷனரிப் பாடசாலைக்குப் போனால் மார்க்கம் போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயத்தால் ஒரு தலைமுறைக்கு மேல் பின்தங்கினோம். கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி எம்.சி. சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை ஆரம்பித்து இதைப் பற்றித்தான் திரும்பத் திரும்ப எழுதினார். பெண்பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்றார். 1884இல் கொழும்பில் அவர் தொடங்கிய மத்ரஸாவின் வழியில்தான் 1892இல் ஸாஹிறாக் கல்லூரி எழுந்தது. நாடுகடத்தப்பட்டு இங்கே இருந்த எகிப்தின் அறபி பாஷாவும் அதற்குத் துணை நின்றார். அந்தக் காலத்தவர்களுக்கு மேன்முறையீடு செய்ய இடம் இல்லை. அதனால் பாடசாலையையே கட்டினார்கள்.

அதே 1884இல்தான் தெற்கில் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கர பிறந்தார். அம்பலாங்கொடையில் படித்துக்கொண்டிருந்த அவர் காலி ரிச்மண்ட் கல்லூரிக்குப் போனது புலமைப்பரிசில் கிடைத்ததால்தான். அது கிடைத்திருக்காவிட்டால் அவருடைய கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். 1931இல் அரசாங்க சபை வந்தபோது அவர் கல்வி அமைச்சரானார். அவர் தலைமையிலான விசேட குழு 1943இல் அறிக்கை கொடுத்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லை என்பது அதன் மையம். 1945 ஒக்டோபர் 1 முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது.

அதோடு அவர் செய்த மற்றப் பெரிய வேலை மத்திய கல்லூரிகள். முதலாவது 1941இல் மத்துகமையில் ஆரம்பமானது. பின்னர் நாடெங்கும் 54 வரை வந்தன. நகரத்து ஆங்கிலப் பாடசாலையில் இருந்த ஆய்வுகூடமும் நூலகமும் நல்ல ஆசிரியர்களும் கிராமத்துக்குக் கிட்ட வர வேண்டும் என்பதுதான் நோக்கம். கெட்டிக்காரக் கிராமத்துப் பிள்ளைகளை ஐந்தாம் வகுப்பில் பரீட்சை வைத்துத் தெரிவு செய்து, விடுதி வசதியோடு அங்கே அனுப்பினார்கள். இன்று எங்கள் பிள்ளைகள் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

கட்டணம் போனால் மட்டும் போதாது என்று அப்போதே புரிந்துகொண்டவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். கல்முனையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த காலத்தில் ஏழைப் பிள்ளைகளின் நிலையை நேரில் கண்டவர். இலவசக் கல்வி வந்த அதே 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை ஆரம்பித்தார். பாடசாலையில் காசு கேட்காவிட்டாலும் சாப்பாடு, உடுப்பு, தங்குமிடம் எல்லாவற்றுக்கும் காசு வேண்டும் அல்லவா?

பிறகு 1960, 1961இல் சட்டங்கள் மூலம் உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. அதைப் பற்றி இன்றும் இரண்டு கருத்து உண்டு. ஆனால் ஒன்று மாறியது. ஆசனம் முகாமையாளரின் சொத்தாக இருந்தது போய், பொதுச் சொத்தானது. பொதுச் சொத்தைப் பகிர்வதென்றால் விதி வேண்டும். விதி இருந்தால் அது மீறப்படும்போது கேட்கலாம். இன்றைய அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது. 2007இல் தரம் 1 அனுமதிக்கான நடைமுறையையே அந்த உறுப்புரையை வைத்து உயர் நீதிமன்றம் நிராகரித்தது. வழக்குப் போட்டவர்கள் பெற்றோர்கள்.

இப்போது மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மத்திய கல்லூரி என்பது நல்ல பாடசாலை பிள்ளையை நோக்கி வருவது. இன்று பரீட்சை என்பது பிள்ளை நல்ல பாடசாலையைத் தேடி ஓடுவது. ஆண்டுதோறும் சுமார் மூன்று இலட்சம் பிள்ளைகள் எழுதுகிறார்கள். எல்லோரும் கேட்கும் பாடசாலைகளோ கொஞ்சம். வெட்டுப்புள்ளி என்றால் என்ன? அந்தப் பாடசாலையின் கடைசி ஆசனத்தில் அமர்ந்த பிள்ளை எடுத்த புள்ளி. அவ்வளவுதான். ஆசனம் கூடினால் அது குறையும், கேட்பவர்கள் கூடினால் அது ஏறும். அதை ஒரு பத்து வயதுப் பிள்ளையின் திறமைக்குப் போட்ட கோடாக மாற்றியது நாங்கள்தான். ஆசிரியர்கள், பெற்றோர்கள், டியூசன்காரர்கள், பெறுபேறு வந்ததும் பேனர் அடிக்கிறவர்கள் எல்லோரும்.

அடுத்த நாள் அந்த வாப்பாவைத் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னோம்.

புள்ளியில் சந்தேகம் என்றால் அது பரீட்சைத் திணைக்களத்தில் கேட்க வேண்டிய மீள்பரிசீலனை. பாடசாலை பற்றியது என்றால் அது கல்வி அமைச்சுக்கான மேன்முறையீடு. இரண்டும் வேறு வேறு. இரண்டுக்கும் திகதி உண்டு. திகதி தவறினால் நியாயம் இருந்தும் பயன் இல்லை.

மேன்முறையீட்டில் விதியோடு பேசுங்கள். மொழிமூலம் தவறாகப் பதியப்பட்டதா, விண்ணப்பத்தில் பாடசாலை மாறிவிட்டதா, அதே புள்ளி எடுத்த இன்னொரு பிள்ளைக்கு இடம் கிடைத்ததா? அதைச் சொல்லுங்கள், ஆவணத்தைச் சேர்த்து அனுப்புங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எப்படித் தெரிவு செய்தார்கள் என்று அறிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விதி மீறப்பட்டது உண்மை என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். உயர் நீதிமன்றத்துக்குப் போவதென்றால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும்.

எந்த விதியும் மீறப்படாமல் வெறுமனே இரண்டு புள்ளி குறைவு என்றால், மேன்முறையீடு சரிவராமல் போகவே வாய்ப்பு அதிகம். அதையும் மறைக்காமல் சொன்னோம். எம்.பி. கடிதத்தால் ஒருவேளை சரிவரலாம். ஆனால் அது ஒரு புள்ளி குறைவாக எடுத்து, ஆள் இல்லாமல் வீட்டில் இருக்கும் இன்னொரு பிள்ளையின் இடம். அவளுடைய வாப்பாவும் இப்படித்தான் எங்கேயோ ஒரு ஆசிரியர் அறையில் நிற்பார்.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப எழுதுவோம் சேர். பெரியாக்கள்ட கடிதம் இல்லாம எழுதுவோம்" என்றார். எழுதி அனுப்பினோம். பதில் இன்னும் வரவில்லை.

மகளும் அன்று வந்திருந்தாள். வெளியே வாங்கில் இருந்தவள் போகும்போது, "சேர், நான் பெயிலா?" என்று கேட்டாள். புலமைப்பரிசில் பரீட்சையில் பெயில் என்று ஒன்று இல்லை என்று சொன்னோம். நம்பினாளா தெரியவில்லை.

பதில் வராவிட்டால் அவள் எங்கள் பாடசாலையில்தான் தரம் 6க்கு வருவாள். எங்களிடம் விஞ்ஞானத்துக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை. ஆய்வுகூடத்தின் அலுமாரி பூட்டியே கிடக்கிறது. அவளுடைய வாப்பா எழுத வேண்டியதை எழுதிவிட்டார். இன்னொரு மேன்முறையீடு மிச்சம் இருக்கிறது. வலயக் கல்விப் பணிமனைக்கு. அதை எழுத வேண்டியவர்கள் நாங்கள். இந்த வாரம் எழுதுகிறோம், இன்ஷா அல்லாஹ். உங்கள் ஊர்ப் பாடசாலையிலும் இப்படி ஒரு அலுமாரி இருக்கும். நீங்களும் எழுதுங்கள்.