தோல் போய் நஞ்சு வந்தது: இருளர்களின் பாம்புத் தொழில்

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு வரை செங்கல்பட்டு வட்டாரத்தில் பாம்புக்கு ஒரு விலை இருந்தது. அது தோலின் விலை. இருளர் பழங்குடியினர் பிடித்த நாகமும் சாரையும் விரியனும் தோலுரிக்கப்பட்டுத் தரகர் கை மாறி, பதனிடும் ஆலைக்குப் போய், செருப்பாகவும் கைப்பையாகவும் இடுப்புவாராகவும் கப்பலேறின. உயிரைப் பணயம் வைத்துப் பிடித்தவருக்குக் கிடைத்தது சில ரூபாய்தான்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்கு முழுத் தடை வந்தது. பாம்பினத்துக்கு அது விடிவுகாலம். தலைமுறை தலைமுறையாக அந்த ஒரு தொழிலையே நம்பியிருந்த குடும்பங்களுக்கோ அடுப்பெரிய வழியில்லாமல் போனது. நேற்றுவரை தொழில் செய்தவர் மறுநாள் சட்டத்தின் பார்வையில் குற்றவாளி.

அவர்களிடம் மிச்சமிருந்தது அறிவு மட்டுமே. வரப்புப் புழுதியில் பதிந்த தடம், முட்செடியில் சிக்கிய சட்டைத் துணுக்கு, காய்ந்த எச்சம், எலிவளையின் வாயில் வழவழப்பாகத் தேய்ந்த மண் ஆகியவற்றைப் பார்த்தே, வளைக்குள் இருப்பது எந்தப் பாம்பு, எவ்வளவு பெரியது என்று சொல்லிவிடுவார்கள். கருவி என்று இருப்பது ஒரு கடப்பாரையும் துணிப்பையும்தான். கணவனும் மனைவியுமாக வேட்டைக்குப் போவது வழக்கம். தடம் பார்ப்பதில் பெண்கள் ஆண்களுக்குச் சற்றும் இளைத்தவர்கள் அல்லர். வயலில் நெல்லைத் தின்னும் எலிகளைப் பிடிப்பதும் இவர்களுடைய வேலை. பாம்பு இவர்களுக்குக் குலதெய்வமான கன்னியம்மாவோடு சேர்ந்தது. மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் திரண்டு அவளை வழிபடுகிறார்கள்.

இந்த அறிவின் மதிப்பை உணர்ந்தவர்களில் ஒருவர் ரோமுலஸ் விட்டேக்கர். அமெரிக்காவில் பிறந்து இந்தியாவில் வளர்ந்த அவர், சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவியவர். இருளர்களோடு வயல் வயலாக நடந்து பாம்பைப் பற்றிக் கற்றுக்கொண்டவர். பாம்பைக் கொல்லாமலே அதிலிருந்து வருமானம் பெற ஒரு வழி இருந்தது: விஷமுறிவு மருந்துக்கு நஞ்சு தேவை. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவு சங்கம் பதிவானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் அது வேரூன்றியது. உறுப்பினர்கள் எல்லோரும் இருளர்களே.

இங்கே பிடிக்கப்படுபவை நான்கு இனங்கள்: நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்தியாவில் பாம்புக்கடிச் சாவுகளில் பெரும்பாலானவற்றுக்கு இவையே காரணம். எந்த இனத்தில் எத்தனை பிடிக்கலாம் என்பதை வனத்துறையின் உரிமம் வரையறுக்கிறது. வந்து சேர்ந்த பாம்பை அளந்து பதிவு செய்து, மண்பானைக்குள் விட்டு, காற்று புகும்படி பானையின் வாயைத் துணியால் கட்டிவிடுகிறார்கள். சுமார் மூன்று வாரம் அது அங்கே விருந்தாளி. வாரத்துக்கு ஒருமுறை தலையைப் பிடித்து, மெல்லிய உறை கட்டிய கண்ணாடிக் குவளையைக் கடிக்க வைத்து நஞ்சு எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். அடையாளம் உள்ள பாம்பு மறுபடி அகப்பட்டால் அதைத் தொடுவதில்லை. சில முறை சட்டை உரித்தபின் அந்த அடையாளமும் மறைந்துவிடும்.

உறைய வைத்து உலர்த்திய நஞ்சு தூளாக மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. அங்கே குதிரைகளுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்துகிறார்கள். அவற்றின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்ததே மருந்து. கட்டுவிரியன் ஒருமுறைக்குத் தருவது மிகச் சொற்பம் என்பதால், அதன் நஞ்சில் ஒரு கிராம் சேர்க்கப் பல பாம்புகள் வேண்டும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. இவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். இந்திய விஷமுறிவு மருந்துக்கான நஞ்சில் பெரும்பங்கு, நெடுங்காலமாக, வடநெம்மேலியிலிருந்தே வந்திருக்கிறது.

பெருமைக்குரிய இந்தச் செய்திக்குள் ஒரு குறையும் இருக்கிறது. ஒரே இனப் பாம்பின் நஞ்சு ஊருக்கு ஊர் மாறுபடும். தமிழகத்துக் கண்ணாடி விரியனின் நஞ்சிலிருந்து தயாரித்த மருந்து, வடக்கிலோ மேற்கிலோ கடிபட்டவருக்கு அதே அளவில் பலன் தராமல் போகலாம். மற்ற மாநிலங்களிலும் நஞ்சு சேகரிப்பு நிலையங்கள் வேண்டும் என்று ஆய்வாளர்கள் கேட்பது இதனால்தான்.

2017இல் இந்த அறிவு கடல் கடந்தது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், வளர்ப்பு விலங்காக வந்து தப்பிய பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, சதுப்புக் காட்டின் சிறு விலங்குகளையெல்லாம் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. அவற்றைப் பிடிக்க இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அழைக்கப்பட்டார்கள். நஞ்சில்லாத பாம்பு, பழக்கமில்லாத காடு; தடம் பார்க்கும் முறை மட்டும் பழையது. முதல் இரண்டு வாரங்களுக்குள் 13 மலைப்பாம்புகள் அகப்பட்டன. அவற்றில் ஒன்று 16 அடி நீளம். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

விருது இரண்டு பேருக்குக் கிடைத்தாலும் உழைப்பு ஒரு சமூகத்தினுடையது. இன்றும் இருளர் குடியிருப்புகள் பலவற்றில் பட்டாவும் சாதிச் சான்றிதழும் பெறுவதே பெரும்பாடு. உரிமம் காலத்தோடு புதுப்பிக்கப்பட வேண்டும், நஞ்சுக்கு நியாயமான விலை கிடைக்க வேண்டும், பிற மாநிலங்களில் தொடங்கும் நிலையங்களில் பயிற்றுநர்களாக இவர்களை அமர்த்த வேண்டும். அரசு மருத்துவமனைக் குளிர்பெட்டியில் இருக்கும் மருந்துக் குப்பிக்கு நாடு இவர்களுக்குப் பட்டிருக்கும் கடன் அது.