பட்டியல் எழுதிய கை: திரேஸ்புரம் கரையில் பாடல் தெரிவின் வரலாறு

மாதத்துக்கு ஒரு பாடல் பட்டியல் அமைத்துக்கொள்ளும் பழக்கம் இன்று நம்மில் பலருக்கு உண்டு. ஒரு கீர்த்தனை, அதனருகே ஒரு திரைப்பாடல், அடுத்து ஒரு கிராமியப் பாட்டு, பிறகு எங்கோ கேட்ட மேலைநாட்டுப் பாடல் என்று பல வகைகளையும் ஒரே சரத்தில் கோத்து, 'பிளேலிஸ்ட்' என்று பெயரிட்டுக் கைபேசியில் வைத்துக்கொள்கிறோம். இது இந்த நூற்றாண்டின் கருவிகள் தந்த கொடை என்றே பெரும்பாலோர் நினைக்கின்றனர். ஆனால் கருவியை விடுத்து, 'பாடல்களைத் தெரிவு செய்தவர் யார்?' என்று கேட்டுப் பார்த்தால் வரலாறு வேறுவிதமாகத் தோன்றுகிறது. அக்கேள்வியைத் தூத்துக்குடியின் கடற்கரைக் குடியிருப்பு ஒன்றில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தூத்துக்குடி நகரின் வடபகுதியில் கடலையொட்டி அமைந்தது திரேஸ்புரம். வள்ளங்களும் சங்குகுளித் தொழிலும் இவ்விடத்தின் அடையாளங்கள். முத்துக்குளிப்பால் உலகப் புகழ் பெற்ற கடற்கரை இது. 1961-ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுபோன பின்னரும் வள்ளமும் வலையும் சங்கும் நின்றுவிடவில்லை.

இக்கரையின் செவிக்குப் பலவகை இசை புதிதன்று. 1530-களில் போர்த்துக்கீசியரின் தொடர்பால் பரதவர் கத்தோலிக்கம் தழுவினர். அதன் பின்னர் இலத்தீன் வழிபாட்டு இசையும் தமிழ் ஞானப்பாடல்களும் இங்கே அருகருகே ஒலித்தன. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962-1965) பிறகே வழிபாடு முழுமையாகத் தமிழுக்கு மாறியது. நகருக்குள் சங்கரராமேசுவரர் கோயிலின் நாகசுரம், பள்ளிவாசல்களின் பாங்கொலி, கடலில் வலையிழுக்கும்போது ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் திருப்பிப் பாடும் அம்பாப் பாட்டு. ஒரு நாளிலேயே இத்தனையும் ஒருவர் காதில் விழக்கூடும். ஆயினும் இவற்றில் எதையும் கேட்பவர் தெரிவு செய்யவில்லை. வழிபாட்டு முறை, திருவிழா, உழைப்பின் தாளம் ஆகியவையே 'இப்போது இது' என்று முடிவு செய்தன.

இக்கரைக்கு வடமேற்கே ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் எட்டயபுரம் இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் மறைந்தது அங்கேதான். மேலைநாட்டு வாத்தியக் குழுக்களின் மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்து 'நொட்டுசுவர' உருப்படிகளைத் தந்தவர் அவர். சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' 1904-இல் எட்டயபுரத்திலேயே அச்சாகி வெளிவந்தது. பல காலத்து உருப்படிகளைத் திரட்டி வரிசைப்படுத்திய மாபெரும் தொகுப்பு அது. வர்ணத்தில் தொடங்கிக் கீர்த்தனைகள், ராகம்-தானம்-பல்லவி என வளர்ந்து துக்கடாக்களில் முடியும் இன்றைய கச்சேரி வரிசைக்கு உருக்கொடுத்தவராக அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைப் (1890-1967) போற்றுகிறோம். பல வகைகளை ஒரே அமர்வில் கோக்கும் கலை தமிழகத்தில் நன்கு வளர்ந்திருந்தது என்பதற்கு இவையே சான்று. எனினும் அவ்வரிசையை அமைத்தவர்கள் புரவலரும் வித்துவானும் சபையுமே. கேட்பவர் 'இன்னதைப் பாடுங்கள்' என்று துண்டுச்சீட்டு அனுப்பலாம். அதற்கு மேல் அவருக்கு உரிமையில்லை.

இசைத்தட்டு இந்நிலையைச் சற்று மாற்றியது. 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்தைச் சற்றே தாண்டும் அளவுக்குத்தான் இசை அடங்கும். அந்தச் சிறு அளவே பாடலைத் தனித்தனிப் பொருளாக்கி, எடுத்து வைக்கவும் மாற்றி அடுக்கவும் இடம் தந்தது. ஆனால் கிராமபோனும் தட்டுகளும் வசதி படைத்தவர் வீட்டுப் பொருள்கள். வலை பொத்தும் கைகளுக்கு அவை எட்டவில்லை.

எட்டியது வானொலி. அதுவும் எந்த வானொலி என்பது இங்கே முக்கியம். தமிழகத்தில் அகில இந்திய வானொலி 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சியிலும் தொடங்கியது. திருநெல்வேலி நிலையம் 1963-இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் தூத்துக்குடிக்கு அண்மையிலிருந்த தமிழ் நிலையம் திருச்சியே. நேர்கோட்டில் திருச்சி ஏறத்தாழ 235 கிலோமீட்டர். கொழும்பு ஏறத்தாழ 280 கிலோமீட்டர். கணக்குப்படி திருச்சியே அண்மை. ஆனால் மத்திய அலை கணக்கை மாற்றிவிடுகிறது. தரையை ஒட்டிச் செல்லும் அவ்வலை வறண்ட நிலத்தின் மேல் விரைவில் வலுவிழக்கும். மின்சாரத்தை நன்கு கடத்தும் உப்புநீரின் மேல் வலுக்குன்றாமல் நெடுந்தொலைவு செல்லும். எனவே கடலோரக் குடியிருப்புகளில் கொழும்பின் குரல் அடுத்த வீட்டுக் குரலைப்போல் கேட்டதில் வியப்பில்லை. தோணிகளில் சரக்கேற்றி ஆண்டாண்டுக் காலமாகச் சென்றுவந்த ஊரல்லவா அது! அங்கிருந்து வந்த ஒலியை இக்கரை அந்நியமாகக் கருதவில்லை.

அலை வந்தால் மட்டும் போதுமா? அதில் விருப்பமானது வரவேண்டுமே. இந்தியாவில் 1952-இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர், மக்களின் இசைச் சுவையைச் செவ்வியல் இசையால் உயர்த்த வேண்டும் என்று கருதினார். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல்கள் ஏறத்தாழ மறைந்தன. ஆர்மோனியத்துக்கும் அங்கே 1940 முதல் 1971 வரை தடை இருந்தது. நாடக மேடையிலும் ஆலயப் பாடற்குழுவிலும் மக்கள் அன்றாடம் கேட்ட வாத்தியம் அது. நல்லெண்ணத்தில் விளைந்த முடிவுகளே என்று கொண்டாலும், தெரிவு செய்யும் உரிமை புரவலரிடமிருந்து அமைச்சரிடம் சென்றதேயன்றிக் கேட்பவரிடம் வரவில்லை.

இந்த இடைவெளியில்தான் இலங்கை வானொலி நுழைந்தது. இரண்டாம் உலகப் போரில் நேசநாட்டுப் படையினருக்காக அமைக்கப்பட்ட வலிமைமிக்க ஒலிபரப்பிகள் 1949-இல் அதன் கைக்கு வந்தன. 1950 செப்டம்பர் 30-இல் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. அமீன் சயானியின் இந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சி வட இந்தியாவை 1952 முதல் கட்டிப்போட்டதைப் பலரும் அறிவர். தமிழில் எஸ்.பி. மயில்வாகனனும், பின்னர் பி.எச். அப்துல் ஹமீதும் கே.எஸ். ராஜாவும் அதே பணியைச் செய்தனர். இந்திய வானொலி 1957 அக்டோபர் 3-இல் விவித பாரதியைத் தொடங்கியதற்கு இப்போட்டியே பெருங்காரணம் என்பது வரலாற்றாசிரியர் ஒப்பும் உண்மை.

நமது கேள்விக்கு முதன்மையானது அந்நிலையத்தின் நேயர் விருப்ப நிகழ்ச்சிகளே. விரும்பும் பாடலை எழுதியனுப்பினால், எழுதியவர் பெயரும் ஊரும் வாசிக்கப்பட்டு அப்பாடல் ஒலிக்கும். அரசாணையிலும் செய்தித்தாளிலும் இடம்பெறாத எளியோர் பெயர்கள் அவர்கள் தெரிவு செய்த பாடலோடு சேர்ந்து கடல் கடந்து ஒலித்தன. 'இசையும் கதையும்' இன்னும் ஒரு படி மேலே சென்றது. நேயர் ஒரு கதையை எழுதி, அதன் திருப்பங்களுக்கேற்ற பாடல்களையும் தாமே குறித்து அனுப்புவார். ஒரு மனநிலைக்கு ஒரு பாடல், அதன் பின் எது வரவேண்டும் என்ற முடிவு, மொத்தமும் சேர்ந்து ஒரு பொருள்: பட்டியல் அமைத்தலின் இலக்கணம் முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது.

சிங்கள பைலாவையும் ஈழத்துப் பொப்பிசையையும் இக்கரைக்கு அறிமுகப்படுத்தியதில் அவ்வானொலிக்குப் பங்குண்டு. ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' 1970-களில் தமிழகமெங்கும் பரவியது. பைலாவின் வேர்கள் போர்த்துக்கீசியர் காலத்து இலங்கையில் இருக்கின்றன. முத்துக்கரைக்கு ஞானப்பாடல் மரபைத் தந்த அதே கடல்வழியில், நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின்னர், துள்ளல் தாளமும் வந்து சேர்ந்தது. இவ்வாறு பல வகைகளும் ஒரே பெட்டியில் ஒலித்ததால், இது உயர்ந்தது, இது தாழ்ந்தது என்ற பாகுபாடு கேட்பவரிடம் இயல்பாகவே தளர்ந்தது.

பிற்காலத்தில் எதிர்த்திசையிலும் அலை சென்றது. தூத்துக்குடியில் நிறுவப்பட்ட 200 கிலோவாட் ஒலிபரப்பி, 1053 கிலோஹெர்ட்ஸில் இலங்கைத் தமிழருக்கான நிகழ்ச்சிகளைக் கடலுக்கு அப்பால் கொண்டுசேர்த்தது.

வானொலியில் விரும்பிய பாடல் வரலாம், வராமலும் போகலாம். அந்தக் காத்திருப்பை முடித்துவைத்தது ஒலிநாடா. பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்திய கேசட், இந்தியாவில் 1970-களின் இறுதியிலும் 1980-களிலும் பரவலாயிற்று. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்கள் 'டூ இன் ஒன்' பெட்டிகளைக் கொணர்ந்தனர். சிற்றூர்களில்கூட ஒலிப்பதிவு நிலையங்கள் தோன்றின. வெற்றுக் கேசட்டையும் பாடல் பட்டியலையும் கொடுத்தால், சில நாள்களில் பதிந்து தருவார்கள். பதிப்புரிமை நோக்கில் அது முறையற்ற தொழிலே. பாடகருக்கோ இசையமைப்பாளருக்கோ அதிலிருந்து ஒரு காசும் செல்லவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் பட்டியலின் வரலாற்றில் அந்நிலையங்களுக்கு நிலையான இடம் உண்டு.

கணக்கிட்டுப் பாருங்கள். 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். பாடலுக்கு நாலரை நிமிடம் என்றால் பக்கத்துக்கு ஆறு. ஏழாவது பாதியில் அறுபடும். ஆக மொத்தம் பன்னிரண்டு பாடல்கள். அந்தப் பன்னிரண்டில் அம்மாவுக்குப் பிடித்த மாதா பாடல் எத்தனை, அண்ணன் கேட்ட இளையராஜா எத்தனை, நாகூர் அனிபாவுக்கும் சீர்காழிக்கும் இடம் உண்டா என்பதெல்லாம் வீட்டில் வழக்காடித் தீர்க்க வேண்டியவை. பாடலின் முதல் அடி, படத்தின் பெயர், பாடியவர், 'கிடைக்காவிட்டால் இது' என்ற மாற்றுக் குறிப்பு ஆகியவற்றோடு ஒரு நோட்டுத்தாள் நிரம்பும். கேட்பவர் தம் கையால் எழுதிய முதல் முழுப் பட்டியல் அதுவே என்பது நமது துணிபு.

வரம்புதான் தெரிவுக்கு மதிப்பளிக்கிறது என்பதை உலகம் முன்பே உணர்ந்திருந்தது. பிபிசி 1942 முதல் நடத்திவரும் நிகழ்ச்சியொன்றில், ஆளில்லாத் தீவில் ஒதுங்க நேர்ந்தால் எந்த எட்டு இசைத்தட்டுகளை உடன்கொள்வீர்கள் என்று விருந்தினரிடம் கேட்கிறார்கள். எட்டு என்ற எல்லை இல்லையெனில் அக்கேள்வியில் சுவையேது? அங்கே புகழ்பெற்றோர் எதிர்கொண்ட அக்கேள்வியை, இங்கே கேசட்டின் நீளம் எல்லோரிடமும் கேட்டது.

மாதம் என்ற அளவுக்கு இக்கரையில் தனிப்பொருள் உண்டு. மார்கழியில் கோயில் ஒலிபெருக்கிகளில் திருப்பாவையும் திருவெம்பாவையும். அதே நாள்களில் கிறிஸ்து பிறப்புப் பாடல்கள். தவக்காலத்தில் கேளிக்கைப் பாட்டு அடங்கிச் சிலுவைப்பாதைப் பாடல்கள் எழும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டு வள்ளங்களுக்கு அத்தடையில்லை என்பதால், துறைமுகம் அடங்கியிருக்கும்போதும் திரேஸ்புரம் விழித்திருக்கும். ஜூலை 26-இல் கொடியேறி ஆகஸ்டு 5-இல் நிறைவுறும் பனிமய மாதா திருவிழாவில் நகரே ஒலிமயமாகும். ரமலானோ ஆண்டுக்குப் பதினோரு நாள் முன்னகர்ந்து ஒவ்வொரு பருவத்தையும் தொட்டுச் செல்லும். ஆகவே இவ்வூரில் ஒருவர் மாதந்தோறும் ஒரு பட்டியல் எழுதிவைத்தால், அது அவருடைய சுவையை மட்டும் சொல்வதில்லை. கடலையும் காற்றையும் விழாவையும் சேர்த்தே பதிவு செய்கிறது.

அடுத்து வந்தவை நாமறிந்தவையே. எம்பி3 குறுந்தகட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் அடங்கின. பின்னர் கைபேசிக் கடைகளில் மெமரி கார்டில் பாடல் ஏற்றித் தந்தனர். கடைக்காரர் கணினியில் இருந்த தொகுப்பே நம் தொகுப்பாயிற்று. ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. பிற சேவைகள் அதற்கு முன்பே வந்துவிட்டன. இப்போது கோடிக்கணக்கான பாடல்கள் கைக்கெட்டும் தொலைவில். எல்லை இல்லை, எனவே எதை அடுத்துக் கேட்பது என்பதைப் பெரும்பாலும் கணிப்பொறியின் கணக்கே முடிவு செய்கிறது. நாம் முன்பு கேட்டவற்றைக் கொண்டே அது இனிக் கேட்க வேண்டியதைக் கணிக்கிறது. வீட்டில் மூவர் வழக்காடியதால் ஒரே நாடாவில் அடுத்தடுத்து வந்த மாதா பாடலும் பைலாவும் அனிபாவும் அக்கணக்கில் அவ்வளவு எளிதில் சேர்வதில்லை.

புரவலர், வித்துவான், அமைச்சர், அறிவிப்பாளர், பின்பு கேட்பவர், இன்று கணிப்பொறி என்பதே தெரிவுரிமை கைமாறிய வரிசை. கேட்பவர் கையில் அது முழுமையாக இருந்தது ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மட்டுமே. அதற்கான ஆவணங்கள் எந்த நூலகத்திலும் இல்லை. பழைய கேசட் உறைக்குள் மடித்துவைத்த தாளிலும், பாடல் எழுதிய நோட்டிலும்தான் இருக்கின்றன. கடற்காற்றின் உப்பு நாடாவையும் தாளையும் விட்டுவைப்பதில்லை. நாடா கெட்டாலும் பாடல் வேறெங்காவது கிடைத்துவிடும். பட்டியல் தொலைந்தால் மீண்டும் கிடைக்காது. மன்னர் காலத்துச் செப்பேட்டைப் படித்துப் போற்றும் நாம், நம் வீட்டுப் பெரியவர்கள் எழுதிய இத்தாள்களைக் குப்பையில் சேர்ப்பது முறையாகாது.

ஆதலின் நண்பர்களே, வீட்டுப் பரணிலிருக்கும் கேசட்டுகளை எடைக்குப் போடுமுன் உறைகளைத் திறந்து பாருங்கள். பட்டியல் கிடைத்தால் படியெடுத்து, எழுதியவர் பெயரையும் ஆண்டையும் குறித்து வையுங்கள். இனி மாதம் ஒருமுறை நீங்களும் ஒரு பட்டியல் எழுதலாம். ஒரு மணி நேரம் என்ற பழைய எல்லையை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னொருவருக்குப் பிடித்த பாடல் இரண்டையேனும் அதில் சேருங்கள். மேலே மாதமும் ஆண்டும் இருக்கட்டும். எழுதுவது கைபேசியிலா தாளிலா என்பது உங்கள் விருப்பம். தெரிவு மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.